மலையிலிருந்து தெரியும் அழகு

கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊரில் எங்கள் வீடு. மொட்டைமாடிக் குளியலறைக்குத் தகரக் கூரை போட நகராட்சி விடவில்லை. மலையிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஊரின் அழகு கெட்டுவிடுமாம். அப்படி என்ன பொல்லாத அழகு என்று பார்க்க, மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு மலையேறினேன்.

உச்சியில் ஒரே மூத்திர நாற்றம். ஊரைப் பார்க்க வைத்திருந்த தொலைநோக்கிக்கு முன்னால் ஆண்கள் இளித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என் முறை வந்ததும் அதை மணிக்கூண்டுப் பக்கம் திருப்பப் போனேன்.

“திருப்பாதீங்கம்மா,” என்றான் காவலாளி. “எல்லாரும் கேக்கறாங்கன்னு அப்படியே வச்சிருக்கேன்.”

குனிந்து பார்த்தேன். எங்கள் குளியலறை. சுவரில் என் உள்பாவாடை. உள்ளே மாமியார் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தொலைநோக்கியின் முன்பக்கம் போய் அதன் கண்ணாடியில் காறித் துப்பினேன்.

“இப்பப் பாக்கச் சொல்லு.”