புது செட்டில் வந்த போன்

பூபதியின் வண்டியில் இருந்த பழைய பாட்டு செட்டில் ரேடியோ மட்டும்தான் மிச்சம். சிடி போடுகிற வாய் எப்போதோ அடைத்துக்கொண்டுவிட்டது. கர்நாடக எல்லையில் ஜூஜுவாடிப் பக்கம் போனால் கன்னடத்தில் பாடும். கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்பினால் சூளகிரி வருவதற்குள் வெறும் இரைச்சலாகிவிடும். பின்கதவு ஸ்பீக்கர் தொண்டை கட்டியவனைப் போலக் கரகரத்தது.

ஆனாலும் மாற்ற அவனுக்கு மனம் வரவில்லை. சேலத்திலிருந்து ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் கியர் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசராகி, ஆசையாக வாங்கிய ஏழு சீட்டு வண்டி. அதன் சாவியைக்கூட அவன் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

“கம்பெனியில போட்டுக் குடுத்ததுங்க. கைய வச்சா வயரிங் போயிரும்” என்பான், யார் கேட்டாலும்.

மனைவி வினிதா விடவில்லை. “எனக்குப் பாட்டு வேணும். இரைச்சலக் கேக்கறதுக்கு நான் மிக்ஸியப் போட்டுக்கறேன்” என்றாள். மகள் தர்ஷினி பர்கூர் இன்ஜினீயரிங் காலேஜிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள். ஞாயிறு காலை மூவரும் ஜூஜுவாடியில் சென்னகிருஷ்ணனின் கார் ஸ்பீக்கர் கடை முன்னால் நின்றார்கள்.

சென்னகிருஷ்ணன் டேஷ்போர்டைக் கழற்றியபோது பூபதி முகத்தைத் திருப்பிக்கொண்டான், பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்க முடியாத தகப்பனைப் போல.

“பயப்படாதீங்க சார். ஒரு வயர்கூட வெட்ட மாட்டேன். பழைய சாக்கெட்லயே சொருகற மாதிரி தனிக் கப்ளர் இருக்குது. நாளைக்கே வேணாம்னாலும் பழைய செட்ட மாட்டிக்கலாம்.”

அதைக் கேட்ட பிறகுதான் பூபதி டீ குடிக்கப் போனான். நாலு கதவுக்கும் புது ஸ்பீக்கர், நடுவில் பளபளவென்று தொடுதிரை. மதியத்துக்குள் வேலை முடிந்தது. பூபதியின் போனில் சார்ஜ் இல்லாததால் தர்ஷினி அம்மாவின் போனை புளூடூத்தில் இணைத்தாள். நாதஸ்வரம் எழுந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. பூபதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தான்.

“எப்படிங்க?” என்றாள் வினிதா.

“கல்யாண மண்டபத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குது! வீட்டுக்கு வேணாம். ஜவளகிரி வரைக்கும் போயிட்டு வரலாம்.”

ஓசூருக்குள் புகுந்து தளி ரோட்டைப் பிடித்தார்கள். மத்திகிரி தாண்டியதும் பாட்டு நின்று, மணி அடித்தது. திரையில் ‘நாராயணம்மா’ என்ற பெயர் வந்தது.

“பின்சீட்டுல எப்படிக் கேக்குதுன்னு பாப்போம்” என்று தர்ஷினி எட்டிப் பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.

“வேணாம்டி!” என்று வினிதா கையை நீட்டுவதற்குள் நாலு கதவுகளிலிருந்தும் ஒரு பெண்குரல் கிளம்பியது.

“ஏம்மா வினிதா! லைசென்ஸ் வந்துருச்சும்மா! மெசேஜ் பாக்கலியா? போன்லயே எடுத்துக்கலாம். என் டிரைவிங் ஸ்கூல்லயே ஒரே தடவையில பாஸ் பண்ணவ நீதான். சரி, வீட்டுக்காரர்கிட்ட எப்பச் சொல்லப்போற? அவரு தேர அவரு மட்டுந்தான் இழுக்கணும்னு எழுதியா வச்சிருக்குது?”

வினிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூபதி வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

“அம்மா, தேர் இழுக்கறவன்தான் பேசறேன்” என்றான்.

“அய்யோ தேவுடா!” என்ற குரலோடு இணைப்பு அறுந்தது.

தர்ஷினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூபதி மட்டும் சிரிக்கவில்லை. ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கொட்டகைகள் வரிசையாக நின்ற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினான்.

“எத்தன நாளா?”

“ரெண்டு மாசமா. நீங்க காலை ஷிப்டுக்குப் போனதும்.”

“எங்கிட்டச் சொல்லக் கூடாதா?”

“கேட்டேனே! போன பொங்கலுக்குச் சேலம் போனப்போ. ‘இது பெரிய வண்டி, உனக்குக் காலே எட்டாது’ன்னீங்க. அங்க எல்லாருமே சிரிச்சாங்க.”

அப்படிச் சொன்னது பூபதிக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் இருந்தது. அதுதான் அவனைச் சுட்டது. ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

“இறங்கு. அந்தப் பக்கம் போய் உக்காரு.”

“இப்பவா?”

“காலு எட்டுதான்னு பாத்துரலாம்.”

எட்டியது. சீட்டை முன்னால் இழுத்து, தர்ஷினியின் பையை முதுகுக்குக் கொடுத்ததும் நன்றாகவே எட்டியது. வினிதா கண்ணாடிகளைத் திருப்பினாள், பெல்ட் போட்டாள், கிளட்சை மிதித்து கியர் போட்டாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மறுபடி சாவியைத் திருப்பினாள். இந்த முறை வண்டி வெண்ணெயாக நகர்ந்தது.

எதிரே தளி பஸ் வந்தபோது பூபதி தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தான். அவளோ ஒதுங்கி வழிவிட்டு, நிதானமாக மறுபடி ரோட்டில் ஏறினாள்.

“அம்மா, சூப்பர்மா!” என்று தர்ஷினி கத்தினாள்.

பூபதிக்கு மெதுவாகத்தான் உடம்பு தளர்ந்தது. ராகிக் கொல்லைகளும் தூரத்துக் காடும் பக்கவாட்டில் ஓடின. அவளைத் திரும்பிப் பார்த்தான். நெற்றியில் வேர்வை, உதட்டில் அடங்காத சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த முகத்தை அவன் பார்த்ததில்லை.

“நாராயணம்மாவுக்குப் போன் போடு. நன்றி சொல்லணும்” என்றான் மகளிடம்.

ஜவளகிரியில் டீக்கடை முன்னால் இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. பூபதி உற்சாகத்தில் நாதஸ்வரத்தை இன்னும் கூட்டி வைத்தான்.

வினிதா ரிவர்ஸ் போட்டு, பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, சத்தத்தக் கொஞ்சம் குறைங்க. வண்டிய நுழைக்கணும்.”

அவன் உடனே குறைத்தான்.