சருகுக்கு அடியில்

அவள் காட்டுச் செடிகளைக் கணக்கெடுப்பவள். மற்றவர்கள் இலையைப் பார்த்துச் செடியை அடையாளம் சொல்வார்கள். இவள் உயிரை விட்டுத் தேடியதோ இலையே இல்லாத ஒரு தரை ஆர்க்கிட். பச்சை நிறம் அதில் மருந்துக்கும் கிடையாது. மட்கும் சருகில் படரும் பூஞ்சையை அண்டிப் பிழைத்துக்கொண்டு, ஆண்டு முழுக்க வெறும் கிழங்காக மண்ணுக்குள்ளேயே கிடக்கும். மழை விட்டதும் வெளிறிய தண்டொன்று எட்டிப் பார்க்கும், நாலு பூ பூக்கும், வந்த சுவடு தெரியாமல் போய்விடும். இடம் மாற்றி நட்டால் செத்துத் தொலையும். பிடிவாதத்தில் அதுவும் இவளும் சரியான ஜோடி.

இந்த முறை அது பூத்திருந்தது புதுச் சாலை போகவிருந்த சோலைக்குள். வனத்துறை அதிகாரி நேரில் வந்து பூவைப் பார்த்துவிட்டால் சாலை சோலையைச் சுற்றிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் அத்தனை மரமும் காலி.

தலைகால் புரியாத சந்தோஷத்தில், அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மாலை கணவனை அழைத்துப்போய்க் காட்டினாள். அவன் அந்தச் சாலை வேலையில் மேஸ்திரி. இருந்தால் என்ன, புருஷன்தானே? சருகை எப்படி விலக்குவது, ஈரப்பக்கம் கீழே இருக்கும்படி எப்படித் திருப்பி மூடுவது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தாள்.

"உன்ன மாதிரியே இருக்கு" என்றான். பைத்தியக்காரி, வெட்கப்பட்டாள்.

மறுநாள் அதிகாரியின் முன்னால் சருகை விலக்கினாள். தண்டைக் காணோம். கிழங்கு இருந்த இடத்தில் வெறும் குழி. பன்றி கிளறியிருந்தால் சருகு நாலாபக்கமும் சிதறியிருக்கும். இங்கே ஒவ்வொரு இலையும் ஈரப்பக்கம் கீழாகப் பக்குவமாக மூடியிருந்தது.

"காளானப் பாத்துட்டு பூன்னு நெனச்சிருப்பா சார்" என்று சிரித்தான் கணவன். கூட நின்ற வேலையாட்களும் சிரித்தார்கள்.

"இந்த எடம் வேற யாருக்கும்மா தெரியும்?" என்று கேட்டார் அதிகாரி.

யாருக்கும் தெரியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"எனக்கும் இவருக்கும் மட்டுந்தாங்க. தோண்டி எடுத்தது இவர்தான்."

விசாரித்து முடிக்கும்வரை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு அதிகாரி வண்டியேறினார்.

"கட்டின புருஷன இப்படி நாலு பேர் முன்னாடி மாட்டி விட்டுட்டியே, உனக்கு மனசாட்சியே இல்லையா?" என்று குதித்தான் கணவன்.

அவள் குழியைப் பார்த்தாள். இன்றே அதே குழியில் வைத்தால் ஒருவேளை பிழைக்கும்.

"கெழங்க எங்க வச்சிருக்கீங்க?"

"வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்."

காலையில் அந்த அடுப்பைப் பற்ற வைத்தவள் அவள்தான். அவன் குளிக்க.