குழாய் வழியே வந்த வெங்காய வாசனை

பட்டறையில் எல்லோரும் அவரை ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். வேகமானவர் என்பதற்காக இல்லை. அவர் நடந்து வருவதற்குள் டீ ஆறிவிடும். வேலைக்குப் போகும்போது அவர் போடுகிற கோலம் அப்படி. தோளுக்குக் கீழே தொங்கும் தடித்த துணியோடு பெரிய ஹெல்மெட், முகத்துக்கு நேரே கண்ணாடி, பின்னந்தலையிலிருந்து வால் மாதிரி நீளும் காற்றுக் குழாய், முழங்கை வரை தோல் உறை. இத்தனையும் மாட்டிக்கொண்டு இரும்புக் கதவு போட்ட பிளாஸ்டிங் அறைக்குள் போய், கம்ப்ரஸர் காற்றின் வேகத்தில் உலோகத் துகளைப் பீய்ச்சி அடிப்பார். பல வருஷத் துருவும் பழைய பெயின்டும் உதிர்ந்து, இரும்பு வெளிறிய சாம்பல் நிறத்தில் புதுசாய் எட்டிப் பார்க்கும்.

உள்ளே பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாத அளவுக்குத் தூசி பறக்கும். நெஞ்சுக்குள் போனால் வெளியே வராத தூசி அது. அதனால் அந்த அறைக் காற்றை ராக்கெட் சுவாசிப்பதே கிடையாது. வெளியே ஓடும் கம்ப்ரஸரிலிருந்து, ஒரு வடிகட்டியில் புகுந்து, நீளக் குழாயில் வருகிற காற்றுதான் அவருக்கு மூச்சு. அந்தக் கம்ப்ரஸரையும் குழாய்களையும் வெளியில் நின்று பார்த்துக்கொள்பவர் அவருடைய மனைவியின் தம்பி. ராக்கெட் நாள் முழுக்க "மச்சான், மச்சான்" என்று கத்திக் கத்தி, அவர் பட்டறைக்கே மச்சான் ஆகிவிட்டார். மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்த ராக்கெட், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு முட்டைக்கோஸா?" என்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை. மதியம் தட்டில் முட்டைக்கோஸ் விழுந்தது. செவ்வாய்க்கிழமை, "மீன் வறுக்கறாங்க, ஆனா எண்ணெய் பழசு" என்றார். மதியம் மீன் வந்தது. எண்ணெயும் பழசுதான்.

கேன்டீனை நடத்துகிற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பிளாஸ்டிங் அறை பட்டறையின் இந்தக் கோடியில், கேன்டீன் அந்தக் கோடியில். தலையை இரும்புக் குண்டான் மாதிரி ஒன்றுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிற மனிதருக்குச் சமையல் எப்படித் தெரியும்?

"எவனோ போட்டுக் குடுக்கறான்," என்றார் அக்கா, கரண்டியை ஆட்டிக்கொண்டு. "நாளைக்கு என்ன சமைக்கப் போறேன்னு எனக்கே தெரியாது. காலையில அடுப்பப் பத்த வச்சிட்டுத்தான் யோசிப்பேன். அப்பவும் நீங்க கரெக்டா சொல்லிட்டா, ஒரு வாரம் உங்க தட்டுல ரெண்டு முட்டை. தோத்தா, ஒரு வாரம் பாத்திரம் நீங்க தேய்க்கணும்."

"சரி," என்றார் ராக்கெட். அவருக்கே தன் மூக்கின் மேல் புது மரியாதை வந்திருந்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அறைக்கு வெளியே நல்ல கூட்டம். ராக்கெட் வெளியே வந்து, தூசி அடங்கிய இடம் வரை ஆடி அசைந்து நடந்தார். மச்சான் அவர் மேலிருந்த தூசியை வாக்குவம் குழாயால் உறிஞ்சி எடுத்தார். அதற்குப் பிறகுதான் ஹெல்மெட் தலையை விட்டு இறங்கியது. முகம் வியர்த்திருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குக்கூட அத்தனை பேர் காத்திருக்க மாட்டார்கள்.

"முதல்ல வெங்காயம்," என்றார். "நிறைய. அப்புறம் பூண்டு. கடைசியா..." கண்ணை மூடிக்கொண்டார். "ஏதோ அடி பிடிச்சிருக்கு."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "அடி பிடிச்சதையும் ஊருக்குச் சொல்லணுமா?"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்த சேஃப்டி மேடமும் டீக் கிளாஸோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ராக்கெட்டைவிடப் பத்து வயதாவது சின்னவர். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணா, அந்த வாசனை எப்ப வந்துச்சு? வெளிய வந்தப்புறமா?"

"இல்ல மேடம், உள்ள அடிச்சிட்டிருந்தப்ப."

"ஹெல்மெட் தலையில இருக்கும்போதா?"

"பின்ன, கழட்டி இடுப்புல வச்சுக்கிட்டா நிப்பேன்?"

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். மேடம் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "யாரும் வேலைய ஆரம்பிக்காதீங்க."

"வந்துடுச்சுடா," என்று மச்சான் முணுமுணுத்தார்.

மேடம் ராக்கெட்டை முற்றத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். "வாசனை உள்ள வர ரெண்டே வழிதான் இருக்கு. ஒண்ணு, ஹெல்மெட் சரியா உட்காராம கழுத்து வழியா வரணும். இல்லன்னா குழாய்லயே வரணும். முதல்ல கழுத்தப் பாத்துடலாம்."

கண்ணாடியின் விளிம்பு ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல் தேடினார். குழாய் இணைப்பை இழுத்துப் பார்த்தார். மச்சானிடம் காற்றைத் திறக்கச் சொல்லி, அளவு காட்டும் முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, காற்று ஓட ஓடத்தான் ஹெல்மெட்டை ராக்கெட்டின் தலையில் வைத்தார். தலைப்பட்டையை ஒரு பல் இறுக்கி, தாடைப் பட்டையை மாட்டி, உள்கழுத்துத் துணி கழுத்தைச் சுற்றி ஒட்டி நிற்கும்படி இழுத்துவிட்டார். "குனிங்க. நிமிருங்க. திரும்புங்க. இறுக்குதா?"

"பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பற மாதிரி இருக்கு," என்றது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

பிறகு கழற்றச் சொல்லி, தன் வெள்ளைக் கைக்குட்டையால் அவர் கழுத்தையும் ஹெல்மெட்டின் உள்பக்கத்தையும் துடைத்தார். கைக்குட்டையில் வியர்வை இருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. காலை முழுக்கத் தூசிக்குள் நின்றிருந்த மனிதர்.

"தூசி நுழைய முடியாத இடத்துல வெங்காயம் மட்டும் எப்படி நுழையும்?" என்றார் மேடம். பிறகு கேன்டீன் பக்கம் திரும்பினார். "அக்கா, இன்னும் நாலு வெங்காயம் வதக்க முடியுமா?"

"ஏன், சாப்பாடு பத்தாதா?"

"சாப்பாட்டுக்கு இல்ல, சேஃப்டிக்கு."

மாற்று ஹெல்மெட்டை அதே காற்றுக் குழாயில் இணைத்து மேடமே மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்ணாடிக்குள் அவர் கண்கள் பெரிதாயின. கழற்றியதும், "வெங்காயம். பூண்டு இல்ல," என்றார்.

"இந்தத் தடவ பூண்டு போடலையே!" என்று அக்கா தூரத்திலிருந்து கத்தினார்.

எல்லோரும் குழாயைப் பிடித்துக்கொண்டே பட்டறையின் மறுகோடி வரை நடந்தார்கள். குழாய் வடிகட்டிக்குப் போனது, வடிகட்டி கம்ப்ரஸருக்குப் போனது. கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுக்கிற குழாய் ஷெட்டின் பின்சுவர் வழியாக வெளியே போனது. பின்பக்கம் திரும்பத் திரும்ப மச்சானின் நடை சுருதி இறங்கியது. அந்தக் குழாயின் வாய், முன்பு இருந்த மாதிரி வெட்டவெளியைப் பார்த்து இல்லை. பின்பக்கச் சந்தில், கூரைக்கு அடியில் இருந்தது. அதற்கு நேர் எதிரே கேன்டீனின் புகை தள்ளும் மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசம் முன்ன மழைத்தண்ணி உள்ள போச்சு," என்றார் மச்சான். "அதான் நான் இந்தப் பக்கம் திருப்பி விட்டேன்."

மேனேஜரும் வந்து சேர்ந்தார். தண்ணீர்த் தொட்டி ஒன்று சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும் என்பது அவர் கவலை. மச்சான் அவசரமாக, "வடிகட்டியில வாசனையப் பிடிக்கற கரி தீர்ந்திருக்கும் சார், அதான் வாசனை வருது. புதுசு போட்டா சுத்தமா நின்னுடும்," என்றார்.

"போடுங்க. வேலை நடக்கட்டும்."

"வாசனை நின்னுடும் சார்," என்றார் மேடம். சந்தின் தரையில் கருத்த எண்ணெய்ச் சொட்டுகளைக் காட்டினார். "இங்க என்ன நிக்கும்?"

"லோடு ஏத்தற லாரி. வியாழக்கிழமை மட்டும்தான்," என்றார் மச்சான்.

"இன்ஜின் ஓடுமா?"

"லாரியோட கிரேனுக்காக ஓடும்."

"இன்ஜின் புகையில ஒரு விஷ வாயு இருக்கு. அதுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. இந்தக் கரி அதப் பிடிக்காது. இப்பவாவது வெங்காயம் வந்து சொல்லிச்சு. கரிய மட்டும் மாத்திட்டா அப்புறம் யார் சார் சொல்றது?"

மேடம் ராக்கெட்டைப் பார்த்தார். "அண்ணா, வியாழக்கிழமை ஆனா உங்களுக்கு ஏதாவது பண்ணுமா?"

ராக்கெட் மச்சானைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "தலை வலிக்கும். மண்டையே பிளந்துடும். ஆனா அது..." குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமை சாயந்திரம்தான் மாமனார் வீட்டுக்கு வருவார். அவர் வரப் போறார்னு நினைச்சே வலிக்குதுன்னு இருந்தேன்."

"எங்கப்பாவா?" என்றார் மச்சான்.

மேனேஜர் முதல் தடவையாகச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் வியாழக்கிழமை. லாரி வந்தது. யார் தலையிலும் ஹெல்மெட் இல்லை. குழாயின் முனையில் மேடம் ஒரு சின்ன மீட்டரைப் பிடித்திருந்தார். "பத்தைத் தாண்டவே கூடாது," என்று சொல்லிவிட்டு டிரைவருக்குக் கை காட்டினார். இன்ஜின் உறுமியது. மீட்டரில் பூஜ்ஜியம் நின்றது. பிறகு நான்கு. பதினொன்று. இருபத்தேழு. முப்பத்தெட்டில் மீட்டர் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. குழாயிலிருந்து வந்த காற்றில் எந்த வாசனையும் இல்லை.

மச்சான் கவிழ்த்து வைத்த டிரம் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாசமா நானே உங்களுக்கு இத ஊட்டிக்கிட்டு இருந்திருக்கேன் மாமா. வாரம் தவறாம, கேஜ் முள்ளப் பாத்து."

ராக்கெட் பக்கத்தில் உட்கார்ந்தார். "மழைக்குத்தானே திருப்பின. எனக்கு வேண்டாதவனா நீ? நானும் மூணு நாளா என்ன கொழம்புன்னு மோந்து பாத்துக்கிட்டு நின்னேனே தவிர, ஏன் வருதுன்னு கேக்கலையே."

"எங்கக்காகிட்ட சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? சொன்னா மாமனார் கதையும் சேர்ந்தில்ல வெளிய வரும்."

சனிக்கிழமை என்ற பேச்சை மேனேஜர் எடுக்கவே இல்லை. வேலை நின்றது. ஃபிட்டர் வந்து காற்றிழுக்கும் குழாயைச் சந்துக்கு எதிர்ப்பக்கம், கூரைக்கு மேல் உயரத்துக்கு ஏற்றி, மழை நுழையாதபடி தொப்பி வைத்தார். லாரி இனி முன்கேட்டில்தான் நிற்க வேண்டும் என்று மஞ்சள் கோடு போட்டார்கள். விஷ வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி கம்ப்ரஸர் குழாயில் பொருத்தப்பட்டது. அளவு மீறினால் வெளியே சைரன், அறைக்குள்ளே சிவப்பு விளக்கு. வடிகட்டி மாற்றிய தேதியை மச்சானே பெயின்டால் எழுதினார், பத்தடிக்கு அப்பால் நின்றும் படிக்கும் அளவில்.

அந்த நாட்களில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ராக்கெட் கேன்டீனில் வெங்காயம் நறுக்கினார். ஜெயித்த முட்டைகளையும் விடாமல் வாங்கிக்கொண்டார். நறுக்கிக்கொண்டே நடந்ததையெல்லாம், மாமனார் தலைவலி உட்பட, அக்காவிடம் சொல்லிவிட்டார். அங்கேதான் மோசம் போனார். அக்காவும் ராக்கெட்டின் மனைவியும் போனில் பேசிக்கொள்கிறவர்கள்.

ஒரு நாள் சாயந்திரம் வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தார். முதலில் தம்பிக்குப் போன் போட்டுக் காது கிழியத் திட்டினார். பிறகு கணவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றும் இல்லை, நல்ல காற்றில் இருந்தால் போதும் என்றார். வெளியே வந்த பிறகுதான் மனைவிக்குப் பெரிய மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே பேச்சு மாறியது.

"எங்கப்பாவப் பாத்தா தலை வலிக்குதா உங்களுக்கு?"

"அவர் குற்றவாளி இல்லன்னு இப்ப நிரூபணமாயிடுச்சே!"

"அவர்கிட்ட மன்னிப்பு கேளுங்க."

"கேட்டா எதுக்குன்னு கேப்பாரே."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் மோட்டார் வாங்கின கதையை ஆதியோடந்தமாக ஒரு மணி நேரம் கேட்டார். தலை வலிக்கவில்லை. கொட்டாவிதான் வந்தது.

அதற்கு முந்தின திங்கட்கிழமையே வேலை தொடங்கியிருந்தது. முதல் நாள் மேடம் சொல்லாமல் கொள்ளாமல் சைரனைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தினார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. மச்சான் துகள் ஓட்டத்தை நிறுத்துவதற்குள் ராக்கெட் கையிலிருந்த நாசிலைப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டில் கை வைக்காமல், கதவைத் திறந்து முற்றத்தின் நடுவுக்கே வந்துவிட்டார். அவர் ஓடிப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள்.

"சரியா பண்ணீங்க அண்ணா," என்றார் மேடம். "அறைக்குள்ள எது நடந்தாலும் அங்கயே கழட்டக் கூடாது. வெளிய வந்தப்புறம்தான்."

"முதல்லயே சொல்லியிருந்தா நடந்தே வந்திருப்பேன்," என்றார் ராக்கெட், மூச்சு வாங்கிக்கொண்டே.

தண்ணீர்த் தொட்டி எட்டு நாள் தாமதமாக முடிந்தது. கடைசி நாள் ராக்கெட் அதன் உள்மூலைகள் வரை பொறுமையாக அடித்தார். மச்சான் வெளியே முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொட்டியை முற்றத்துக்கு உருட்டி வந்தபோது வெயில் அதன் மேல் பட்டுக் கண் கூசியது. பெயின்டர் சுத்தமான கையுறையோடு வந்து, வெல்டிங் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பூசலாம்," என்றார்.

ராக்கெட்டும் மச்சானும் பிரஷ்ஷுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார்கள்.