மிசாயேலின் பாவசங்கீர்த்தனம்

பாதிரியார் அங்கியைக் கழற்றிவிட்டுக் கொரில்லாக்களோடு சேர்ந்து துப்பாக்கி ஏந்திய பிறகும் எலியோதோரோவைக் கொலம்பிய மலைக்காரர்கள் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். கொரில்லா முகாமை ராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்தது தானே என்று காப்பித் தோட்டக்காரன் மிசாயேல் ஒப்புக்கொண்டிருந்தான். அவனைச் சுடும் முறை எலியோதோரோவுக்கு வந்தது. அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று மிசாயேல் கேட்டான்.

வாழைகளுக்குப் பின்னால் மண்டியிட்டுச் சொன்னான்: "பொய் சொல்லிட்டேன் சாமி. காட்டிக்கொடுத்தது நானில்ல, என் மக. சின்னப் புள்ள, ராணுவத்து ஆளுங்க மெரட்டிட்டாங்க."

"இத வெளிய வந்து சொல்லு, மிசாயேல்."

"சொன்னா அவளச் சுடுவாங்க. நீங்களும் சொல்லக் கூடாதுல்ல?"

கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லாத அந்த ஒரு கட்டுப்பாட்டை மட்டும் அவர் அங்கியோடு கழற்றி வைக்கவில்லை. பாவமன்னிப்பு கொடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

தளபதி ராமிரோ சிகரெட்டோடு காத்திருந்தான். "தோழர்னு கூப்பிட்டா உமக்குக் காது கேக்காது. சாமின்னே கேக்குறேன். அவன் செய்யலன்னு ஒரு வார்த்தை சொல்லும், விட்டுடறேன்."

சொன்னால், அப்புறம் யார் செய்தது என்று கேட்பான்.

"என்கிட்ட எதுவும் கேக்காத."

"புரிஞ்சுடுச்சு. அப்ப அவன்தான்," என்றான் ராமிரோ.

மிசாயேல் நன்றியோடு அவரைப் பார்த்தான். எலியோதோரோ தோளில் மாட்டியிருந்த துப்பாக்கியை இறக்கி அவனைக் குறிபார்த்தார்.