தெருக்குத்துச் சுவர்

சக்கரபாணியை நான் திட்டாத நாள் கிடையாது. மேஸ்திரி என்று கூப்பிட்டால் காது கேட்காது, கான்ட்ராக்டர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். எங்கள் புது வீட்டில் அவர் வேலை லட்சணம் என்ன தெரியுமா? குளியலறைக்குத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மட்டும் வைத்தார். கேட்டால், உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் திறக்க வசதி என்றார். சமையலறை ஜன்னல் கதவு பக்கத்து வீட்டுச் சுவரில் இடித்துப் பாதியில் நிற்கும். திருடன் வரமாட்டான் என்றார். அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அந்தச் சுவரைத்தான் பொறுக்க முடியவில்லை.

திண்டிவனத்தில் நாங்கள் வாங்கிய மனைக்கு எதிரே ஒரு தெரு நேராக வந்து முட்டும். தெருக்குத்து என்பார்கள். வீட்டு ஆளுக்கு ஆகாதாம். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்களான எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. சக்கரபாணிக்கு இருந்தது. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், வாசற்படி தாண்டியதும் குறுக்கே ஒரு சுவரை எழுப்பிவிட்டார். உள்ளே வருகிறவர்கள் இடது பக்கம் திரும்பி, ஒடுங்கி நடந்து, மறுபடி வலது பக்கம் திரும்பினால்தான் கூடம். அதற்குக் கூலிகூட வேண்டாமாம், அவருடைய அன்பளிப்பாம்.

சுவரைப் பார்த்ததும் என் மாமியார் சூசைமேரி அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. நாங்கள் வாடகை வீட்டில் இருந்தபோது மாமனார் தொம்மை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பிணத்தை உள்ளே விடமாட்டேன் என்று வீட்டுச் சொந்தக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டார். அடக்கம் பண்ணும்வரை மாமனார் தெருவில் ஒரு பெஞ்சின்மேல் கிடந்தார். நாய் வராமல் மாமியார் கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். அழக்கூட இல்லை. அன்றிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைக்கிற வேலைக்குப் போய் இந்த வீட்டுக்குச் சேர்த்தார். செத்தால் சொந்தக் கூடத்தில் படுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

"எம் பொட்டி எப்பிடிய்யா உள்ள வரும்?" என்று சக்கரபாணியைக் கேட்டார்.

"நிமித்திக்கினு வந்துடலாம்மா."

"நிமித்தினா நா சரிஞ்சி எறங்கிட மாட்டேனா?"

அதெல்லாம் சரியமாட்டீர்கள் என்று அவர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கணக்குச் சொன்னார். எனக்கு வந்ததே ஆத்திரம்! அப்படியானால் நீங்களே படுத்துக் காட்டுங்கள் என்றேன். கொத்தனார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனுஷனுக்கு ரோஷம், சரி என்றுவிட்டார்.

எங்கள் கோயிலில் செத்தவர்களைக் கல்லறைக்குத் தூக்கிப்போகப் பொதுப் பெட்டி ஒன்று உண்டு, தூம்பா என்போம். அளவு பார்க்க வேண்டும் என்று உபதேசியாரிடம் இரவல் கேட்டேன். யாருக்கு என்று பதறினார். எங்கள் கான்ட்ராக்டருக்கு என்றேன்.

சக்கரபாணி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் படுத்தார். நாலு கொத்தனார்கள் தூக்கினார்கள். வாசற்படி தாண்டியது. திருப்பத்தில் நிமிர்த்தினார்கள். அவர் சொன்ன கணக்கெல்லாம் அங்கேயே முடிந்தது. உள்ளே ஆள் சர்ரென்று வழுக்கி, முட்டி மடங்கி, மூட்டையாகக் கீழே குவிந்தார். பாரம் ஒரு பக்கமாகப் போனதும் பெட்டி கோணலாகச் சாய்ந்து, தலைப்பக்கம் வாசல் சுவரிலும் கால்பக்கம் புதுச் சுவரிலுமாக இறுகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இழுத்தால் அவர் அலறினார்.

என் வீட்டுக்காரர் அவர் வாயில் சொம்பால் தண்ணீர் ஊற்றினார். நான் சிரித்தேன், மறைப்பானேன்.

"செவுத்த ஒடைங்கடா, ஜல்தி!" என்று பெட்டிக்குள்ளிருந்து உத்தரவு வந்தது.

அவர் கட்டிய சுவரை அவர் ஆட்களே கடப்பாரையால் இடித்தார்கள். ஜன்னல் முழுதாகத் திறக்காமல் போனாலும் சுவர் மட்டும் உறுதியாகத்தான் கட்டியிருந்தார், நேரம் பிடித்தது. கடைசியில் பெட்டி நேராகக் கூடத்துக்குள் வந்து இறங்கியது. சக்கரபாணி தலைமுதல் கால்வரை வெள்ளைப் புழுதியோடு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் மூலையில் போய் நின்றார்.

மாமியார் காலிப் பெட்டியின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். முந்தானையால் அதன் புழுதியைத் துடைத்தார். விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வந்துட்டியாய்யா," என்றார். பிறகு மார்பில் அடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார்.

அம்மா, வெறும் பெட்டிம்மா என்று என் வீட்டுக்காரர் ஓடினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். சக்கரபாணி மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பொன்னி பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, யார் தவறியது என்று என் காதோரம் கேட்டாள்.

"எங்க மாமனாரு."

"அய்யய்யோ, எப்போ?"

"பதினெட்டு வருசம் ஆச்சு," என்றேன். "இன்னிக்கித்தான் வூட்டுக்கு வந்தாரு."