ஹாஜியார் எழும்பி நின்ற படகு

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். “நகர நதியில் கயாக்” என்ற தலைப்பில் விழா மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார் நீலச்சிறகு நீர்விளையாட்டுக் கழகச் செயலாளர் முனீப். கிண்ணியாவில் நகரம் சுமாராக உண்டு, நதி இல்லை. பாலத்துக்குக் கீழே கிடப்பது கடல்நீர் தேங்கிய களப்பு. கழகம் கூடி, ஏகமனதாக, அதை நதியாக்கியது. [களப்பிடம் யாரும் கேட்கவில்லை.]

முதல் வரி:

நதியின் மடியில் தவழும் வண்ணப் படகுகள்

நிறுத்திவிட்டேன். பிளாஸ்டிக் படகு தவழாது. இரண்டாவது:

தலைவர் அல்ஹாஜ் கலீலுர் றஹ்மான் அவர்கள் தமது பொற்கரங்களால்

இதையும் விட்டேன். அந்தக் கரங்கள் அன்று என்ன செய்தன என்பதுதான் கதையே.

2

பஹ்மியாவிலிருந்து தொடங்குகிறேன். செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. தேசிய இளையோர் அணிக்குத் தெரிவாக அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டிதான் கடைசி வழி. இரட்டைக் கயாக், முன்னால் மின்ஹா, பின்னால் அவள். வெல்லும் படகு மட்டும் கொழும்புக்குப் போகும். கச்சான் காற்று எழும்பிவிட்டால் போட்டியைத் தொடங்கமாட்டேன் என்று நடுவர் சொல்லியிருந்தார். அது வழமையாகப் பத்து மணிக்கு எழும்பும்.

(முதல் வரைவில் அவளைச் சாந்தமான பிள்ளையாக எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு, “இது ஆரு சேர்?” என்றாள். வெட்டிவிட்டேன்.)

ஒன்பதே முக்காலுக்கு ஏழாவது உரை நடந்துகொண்டிருந்தது.*

“ஹாஜியார், காத்து வரப்போகுது,” என்றாள் பஹ்மியா தலைவரிடம்.

“வரட்டும் மகள். அதுக்கும் ஒரு கதிரை போடச் சொல்லுங்க.”

* உரையின் தலைப்பு: நேர முகாமைத்துவம் (டைம் மேனேஜ்மென்ட்).

3

தலைவர் நடுநீரில் பிடித்த கொடியைக் கீழே விட்டால் போட்டி ஆரம்பம். அவரை அங்கே கொண்டுபோக ஆகத் திறமையான ஆள், அதாவது பஹ்மியா, வேண்டும் என்று கழகம் தீர்மானித்தது. ஆகவே மின்ஹா தொடக்கக் கோட்டு மிதவையில் காத்திருக்க, அவளுடைய இருக்கையில் தலைவர் வந்தார். கொடி விழுமுன் ஆள் மாறுவதாக ஏற்பாடு. கோட்டு, அதன்மேல் உயிர்காப்பு அங்கி, அதன்மேல் மாலை.

“எழும்ப மட்டும் எழும்பாதீங்க ஹாஜியார். கவுண்டு போயிருவம்.”

“நான் கப்பல்லயே போன ஆள், மகள்.” [மூதூருக்குப் போகும் பயணிகள் படகைச் சொல்கிறார்.]

தொடக்கக் கோட்டுக்கு வந்ததும் பக்கத்தில் முனீபின் விசைப்படகு. அதில் நானும் இருந்தேன். முனீபின் கையில் அன்றைய ஒன்பதாவது பொன்னாடை. வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எங்கள் பக்கத்தில் பொன்னாடையை எவரும் குந்திக்கொண்டு வாங்குவதில்லை. காய்ச்சலில் கிடந்தவரே எழும்பி வாங்கியிருக்கிறார்.

முனீப் பெயரைச் சொன்னார். தலைவர் எழும்பினார். இரண்டு கையையும் நீட்டினார். கொடி தண்ணீரில் விழுந்தது.

நடுவர் விசில் ஊதினார். பத்துப் படகுகள் பறந்தன.

“அது என்ட இடம்!” என்று மிதவையில் நின்று குதித்தாள் மின்ஹா.

4

முடிவுகள்.

(அ) படகு கவிழ்கிறது. எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான், தரமாட்டேன்.

(ஆ) தலைவர் தம் பிழையை உணர்ந்து, கண்கள் கலங்க

மன்னிக்கவும். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

(இ) கச்சான் எழும்பியது, பின்னாலிருந்து. தோளில் முனீப் போர்த்திய பொன்னாடை விரிந்தது. தலைவர் அதன் இரண்டு முனைகளையும் விடவில்லை. போர்த்தியதை விழ விடலாமா? காற்று அதற்குள் புகுந்து புடைத்தது. படகு திடுக்கிட்டுப் பாய்ந்தது. கடைசிப் படகைத் தாண்டியது. இன்னும் மூன்றை. இன்னும் ஐந்தை. (நம்பமாட்டீர்கள். நானும் இரண்டு தரம் எண்ணினேன்.)

“குந்தட்டா மகள்?” என்றார் தலைவர்.

“குந்திராதீங்க! அப்பிடியே நில்லுங்க ஹாஜியார்! கொஞ்சம் வலப்பக்கமா, கௌரவமாத் திரும்புங்க!”

5

எல்லைக் கயிற்றுக்கு முப்பது யார் தூரம். முன்னால் ஒரேயொரு படகு. நடுவர் விதிநூலைப் புரட்டுகிறார். பாய் கட்டக் கூடாது என்று இருக்கிறது. பொன்னாடை போர்த்திய தலைவரைப் பற்றி ஒன்றும் இல்லை. வென்றால் இளையோர் அணியில் அறுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் சேர்வார். மறுத்தால் பஹ்மியாவுக்குச் செவ்வாய்க்கிழமை வந்துவிடும்.

முனீப் மலருக்கு வசனம் கேட்டு என்னைப் பார்க்கிறார். நான் பேனையை மூடிவிட்டேன். நடுவரிடமிருந்து விசிலை வாங்கி உங்களிடம் தருகிறேன். ஊதினால் அந்தப் படகு போட்டியில் இல்லை. ஊதாவிட்டால் உண்டு.

பஹ்மியாவின் துடுப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தலைவரைப் பார்க்க வேண்டாம். சிரித்துக்கொண்டு விசில் ஊத ஏலாது.