திருப்தி இல்லெண்டு சொல்லுங்க

ஒரு தேசத்தின் பாதுகாப்பு அதன் வாசலில்தான் தொடங்குகிறது... பயிற்சி வகுப்பில் ஓய்வுபெற்ற மேஜர் மேசையில் குத்திச் சொன்ன அந்த வசனத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் றுவைஸ் ஓர்ஸ் ஹில் கந்தோர் வாசலில் பதினொரு வருடமாகக் காவல் நிற்கிறார், ஆனால் இத்தனை வருடத்தில் அனுமதியில்லாமல் உள்ளே வரப் பார்த்தது யார், மான்கள்தான், அதுவும் தேசத்தைப் பிடிக்க இல்லை, பணிப்பாளர் நட்ட செவ்வந்தியைத் தின்ன... இப்போது தொப்பியை மடியில் வைத்தபடி உள்ளே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார், கொழும்பிலிருந்து வந்த மிஸ் ஊழியர்களின் வேலைத் திருப்தியை அளக்கிறா, அதை எதால் அளப்பார்களோ, காலையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டே மனைவி நுஸ்ரத் சொன்னாள், இஞ்ச பாருங்க, திருப்தி இல்லெண்டு சொல்லுங்க, அப்பதான் உள்ளுக்கு கதிரையில போடுவாங்க, ஒங்கட முழங்கால் இன்னொரு வருசம் தாங்காது... சரிதான், எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் அவள், வரவேற்பு மேசை, ஏசி, சுழல் கதிரை, யாருக்குக் கசக்கும், ஆனால் மேடம் வந்து தேடினால்? காது கிழிந்த பெரிய பெண்மான் அது, பணிப்பாளர் மாதிரியே அடையாள அட்டை காட்டாமல் நேரே வருவதால் மேடம், விரட்டுவதுதான் இவர் வேலை, கம்பைத் தூக்கத்தான் செய்கிறார், வாழைப்பழத் தோலைக் கொடுத்த பிறகு, போங்க மேடம், ஆக்கள் பாக்குறாங்க... அந்த ஈர மூக்கு உள்ளங்கையில் படுமே, அதற்குப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது...

“றுவைஸ் நானா, உங்களைத்தான் கூப்பிடுறா,” கிளார்க் இரத்தினேஸ்வரி வெளியே வந்து சிரித்தாள், “பயப்பிடாதேங்கோ, ஊசி போடேல்லை.”

வேலையில திருப்தியா? இல்லை மிஸ். சொல்லிவிட்டார், அப்பாடா, நுஸ்ரத் கேட்டிருக்க வேண்டும்... என்ன குறை? குறையா, அதை நுஸ்ரத் சொல்லித்தரவில்லையே, வெயில் என்றால் வேம்பு நிழல் இருக்கிறது, மழைக்குக் கோட்டு இருக்கிறது, நிற்பது, ஆனால் நின்றால்தானே மேடம் வளைவில் திரும்புவதும் கீழே துறைமுகத்துக்குள் கப்பல் நுழைவதும் தெரியும், முழங்கால் என்று சொல்லு மனிசா, முழங்கால்...

“ஞாயிற்றுக்கிழமை லீவு, மிஸ்,” என்றது வாய். உண்மைதான், அன்றைக்கு இவருக்குப் பதிலாக நிற்கிற கோணாமலை, மான்களைக் குழாய்த் தண்ணீர் அடித்து விரட்டுகிறவன், அதை நினைத்தால் வீட்டில் இவருக்குச் சோறே இறங்குவதில்லை, ஆனால் அதை இந்தப் பிள்ளையிடம் எப்படி விளக்குவது...

மிஸ் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டு, ‘விடுமுறை போதவில்லை’ என்று எழுதினா. றுவைஸ் அதன் கீழ் கையெழுத்து வைத்தார்.